மூன்று ஆறுகளின் தலைமாட்டில் ஒரு மெரூன் பனியன்

ஓய்வு பெற்ற ஒருவனை வெளிநாட்டுக்கு அழைத்துப் போகிறவர்களுக்கு இரண்டு காரணங்கள்தான் இருக்க முடியும். ஒன்று பாசம். மற்றது, கவுன்ட்டரில் கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள். என் மனைவியின் தம்பி ஈஸ்வரமூர்த்தி பாசத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

"இங்கிலீஷ்ல கேட்டா நீங்க பேசிக்கோங்க மாமா. பனியனைப் பத்திக் கேட்டா நான் பேசிக்கிறேன்" என்றான்.

அவனுக்குப் பல்லடம் சாலையில் ஒரு பனியன் கம்பெனி. ஒரு காலத்தில் மூன்று ஷிப்ட் ஓடியது. ஐரோப்பாக்காரர்களுக்குச் சட்டை மேல் இருந்த ஆசை குறைந்துபோனதில், இப்போது பாதித் தையல் மெஷின்கள் துணி போர்த்திக்கொண்டு தூங்குகின்றன. இந்த நேரத்தில்தான் கண்டியிலிருந்து ரிஸ்மினா என்ற அம்மாள் போனில் வந்தார். இலங்கையின் மலை ஊர்களில் சுற்றுலாக்காரர்களுக்குச் சட்டை விற்கும் கடைகள் வைத்திருப்பவர். சிறுத்தைப் படம், மான் படம் போட்ட டீ-சர்ட் வருடம் முழுக்க வேண்டும், ஆனால் சரக்கை அங்கே கொண்டுவந்து காட்டிய பிறகுதான் பேச்சு என்று சொல்லிவிட்டார். அது கிடைத்தால் மெஷின்கள் எழுந்துவிடும். கிடைக்காவிட்டால் ஷெட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, ஈஸ்வரமூர்த்தி யாரோ ஒருவருக்கு ஜாப் ஒர்க் செய்ய வேண்டியதுதான். இது அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், வேனில் எங்களோடு வந்த கம்பெனி ஆட்கள் அத்தனை பேருக்கும் தெரியும்.

கம்பெனி ஆட்கள் எதற்கு வந்தார்கள் என்றால், வருடாந்திர டூர் பாக்கி இருந்தது. ஒரே செலவில் இரண்டு காரியம். பெண்கள் வேளாங்கண்ணிதான் வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டதால், ஆண்கள் மட்டும் ஒரு வேன் நிறைய. எல்லோருக்கும் ஒரே மாதிரி மெரூன் பனியன், நெஞ்சில் கம்பெனி பெயர். டூர் போகும்போது ஒரே பனியன் போடாத கோஷ்டியைத் திருப்பூர் எல்லைக்குள் கண்டவர் கிடையாது. எனக்கும் ஒன்று கிடைத்தது, எக்ஸெல் சைஸில்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாயப்பட்டறைகளுக்கு நோட்டீஸ் கொடுக்கும் துறையில் வேலை பார்த்தவன் நான். நொய்யல் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, சீல் வைத்து, ஆய்வுக்கு அனுப்பி, முடிவு வருவதற்குள் ஆறு வேறு நிறத்துக்கு மாறியிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் என் பணிக்காலம். அடுத்த சீசனில் ஐரோப்பாவில் என்ன நிறம் மோஸ்தர் என்பது ஐரோப்பியர்களுக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும்.

கொழும்பிலிருந்து மலையேறும் வழியில் முதல் விபத்து வாயில் நடந்தது. கடை ஒன்றில் முக்கோண வடிவ பன் அழகாக அடுக்கியிருந்தது. புரட்டாசி விரதத்தில் இருந்த ஈஸ்வரமூர்த்தி உருளைக்கிழங்கு பன் என்று நினைத்து இரண்டு சாப்பிட்டான். மூன்றாவதைக் கையில் எடுத்தபோது ஓட்டுநர் சிவலிங்கம் சாவதானமாகச் சொன்னார்.

"அய்யா, அதுல மீன் வச்சிருப்பாங்க."

சிவலிங்கம் நுவரெலியா பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். பாட்டன் காலத்தில் கடல் தாண்டிப்போன தமிழ். கேட்டால் நம் ஊர் ஆள் பேசுவது போலவே இருக்கும், நிதானம் மட்டும் நம்முடையதில்லை. ஈஸ்வரமூர்த்தி முகம் வெளுத்து, "மொதல்லயே சொல்லக்கூடாதுங்களா?" என்றான்.

"நீங்க ருசிச்சுச் சாப்புட்டீங்க. எதுக்குக் கெடுக்கணும்னு பாத்தேன்."

பின்சீட்டிலிருந்து கட்டிங் மாஸ்டர் அந்தோணி, "முதலாளி, கடல் தாண்டி வந்தா விரதம் செல்லாதுல்லா. சாமிக்கு எல்லை அந்தப் பக்கத்தோட முடிஞ்சுட்டு" என்றான். அந்தோணி சாத்தான்குளத்துக்காரன். திருப்பூருக்கு வந்து தலை நரைத்து, நரைக்குச் சாயமும் ஏறிவிட்டது, பேச்சு மட்டும் இன்னும் தாமிரபரணிக்குத் தெற்கே.

இரண்டாவது விபத்து ரம்பொடை கொண்டை ஊசி வளைவு ஒன்றில். வேன் மூக்கில் ஆவி விட்டு நின்றது. பல்லடத்திலிருந்து வெள்ளகோவில் போகும் தனியார் பஸ் இப்படி நின்றால், கண்டக்டர் இறங்குவதற்குள் பயணிகளில் பாதிப் பேர் அடுத்த பஸ்ஸில் ஏறி டிக்கெட் பணம் கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். இங்கே சிவலிங்கம் ஒரு கல்லைச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்துவிட்டு, எதிர்க் கடையில் எல்லோருக்கும் பிளேன்டீ சொன்னார். பால் இல்லாத டீ, உள்ளங்கையில் ஒரு துண்டு வெல்லம். கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். வேன் ஆறும் வரை நாங்களும் ஆறினோம். நம் ஊரில் டீ குடிப்பது வேலைக்கு நடுவில். இங்கே டீக்கு நடுவில் கொஞ்சம் வேலை பார்க்கிறார்கள்.

நுவரெலியாவில் ரிஸ்மினா காத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். சந்தன நிற முக்காடு, கனமான கண்ணாடி, துணியைத் தொடும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம். ஈஸ்வரமூர்த்தி பெட்டியிலிருந்து சாம்பிள்களை எடுத்துக் காட்டினான். ஒவ்வொரு சைஸிலும் ஒன்று. சிறுத்தை நன்றாக வந்திருந்தது. மானுக்கு மட்டும் நம் ஊர்க் காளையின் திமில் லேசாக வந்துவிட்டது. டிசைன் போட்டவன் காங்கேயம்.

"துணி நல்லா ஈக்கு" என்றார் ரிஸ்மினா, 'இருக்கு' என்பதை அவர் வழக்கில். பிறகு எங்கள் மெரூன் கூட்டத்தைப் பார்த்தார். "இதும் உங்கட சாமானா?"

"ஆமாங்க அக்கா, நம்ம கம்பெனிதானுங்க."

"நல்லம். நாளைக்கு ஹோர்ட்டன் சமவெளிக்குப் போறீங்க தானே, நானும் வாறேன். மலையில ஒரு நாள் போட்டு நடந்தாத்தான் சட்டையைப் பத்தித் தெரியும். எல்லாரும் இதையே போட்டுட்டு வாங்க, அங்க உலக முடிவு எண்டு ஒரு பாறை ஈக்கு, அதுல வச்சு போட்டோ எடுப்பம். கடையில மாட்டலாம்."

ஈஸ்வரமூர்த்தி "ஆகட்டுங்க" என்றான். ஒரு நொடி தாமதித்துச் சொன்னான். எதிரே இருப்பவர் பதில் சொல்லத் தாமதித்தால் அங்கே தோண்ட வேண்டும் என்பது துறையில் எனக்குப் பிடிபட்ட முதல் பாடம். ஓய்வு பெற்றுவிட்டதால் தோண்டவில்லை.

மறுநாள் விடியுமுன் எழுந்து, மெரூன் பனியனை மாட்டிக்கொண்டு முகம் கழுவினேன். தண்ணீர் நெஞ்சில் சிந்தியது. ஹோட்டலின் வெள்ளைத் துண்டால் துடைத்தேன். துண்டில் ரோஜா நிறம். பழக்கதோஷம், இன்னொரு முறை நனைத்து அழுத்தித் தேய்த்தேன். இப்போது பீட்ரூட். கதவைத் தட்டி மைத்துனனை வெளியே கூப்பிட்டேன்.

"மாப்ளே, இது எந்த லாட்?"

அவன் துண்டைப் பார்த்தான். பிறகு சுவரைப் பார்த்தான். "ரிஜெக்ட்டுங்க மாமா. சாயம் நிக்கலைன்னு பார்ட்டி திருப்பீட்டான். நம்ம ஆளுகதானே, டூருக்குத்தானேன்னு தைச்சுப் போட்டோம்."

"அந்தம்மா இதுதான் சரக்குன்னு நினைச்சுட்டிருக்குது."

"தெரியுங்க. நேத்து அந்த எடத்துல எப்பிடிங்க சொல்றது? ரிஜெக்ட்டைப் போட்டுட்டு வந்து ஆர்டர் கேக்கறேன்னா சொல்றது?"

"மழை வந்தா?"

"அதுக்குத்தான் எல்லாத்துக்கும் மழைக்கோட்டு வாங்கியிருக்குதுங்க" என்று ஒரு மூட்டையைக் காட்டினான். மெல்லிய பாலிதீனில், ஒருமுறை போட்டுக் கிழித்து எறியும் வகை.

ஏழாயிரம் அடிக்கு மேலே, மேகத்துக்குள்ளேயே வளர்வதால் மேகக்காடு என்று பெயர் வாங்கிய ஒரு தேசியப் பூங்காவுக்கு, நனைந்தால் கரையும் பனியனோடு கிளம்பினோம்.

வாசலில் எல்லாப் பைகளையும் மேஜைமேல் கொட்டச் சொன்னார்கள். பூங்காவுக்குள் பாலிதீன் போகக்கூடாது. பிஸ்கட்டைக் காகிதத்தில் மாற்றித் தந்தார்கள். தண்ணீர் பாட்டிலைச் சுற்றியிருந்த லேபிளைக்கூடக் கத்தியால் கீறி உரித்தார்கள். அவ்வளவு ஒழுங்கான சோதனையை நான் என் பணிக்காலத்தில் செய்ததுமில்லை, செய்யப் பார்த்ததுமில்லை. கை தட்டத் தோன்றிய நேரத்தில் அந்த அலுவலர் மழைக்கோட்டு மூட்டையைப் பிரித்தார். ஒன்றை விரலால் நீவிப் பார்த்தார். மொத்தத்தையும் எடுத்துப் பின்னால் இருந்த பெட்டியில் போட்டார். திரும்பி வரும்போது வாங்கிக்கொள்ளலாமாம்.

ஈஸ்வரமூர்த்தி என் காதருகே, "மாமா, நீங்க ஆபீசர்தானுங்களே, பேசிப் பாருங்களேன்" என்றான்.

"என்னன்னு பேசறது? அவர் செய்யறது சரி."

"சரியா இருந்தாலும் பேசலாமில்லீங்க?"

திருப்பூரின் தொழில் சரித்திரத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதியதில்லை.

நடந்தோம். வானம் அதிசயமாக நீலமாக இருந்தது. இரு பக்கமும் புல்வெளி, பள்ளங்களில் மட்டும் குள்ளமான மரக்காடு. நீலகிரியிலும் ஆனைமலை உச்சியிலும் சோலைக்காடு பார்த்தவர்களுக்கு இது சொந்தக்காரர் வீடு மாதிரி இருக்கும். மரங்கள் எல்லாம் குடை பிடித்தபடி, தாடி போல் பாசி தொங்கவிட்டு நிற்கின்றன. நம் பக்கம் காட்டுப்பூவரசு என்று சொல்லும் மரம் இங்கேயும் உண்டு. ரத்தச் சிவப்பாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். அன்றைக்கு அந்தச் சிவப்பை ரசிக்கும் மனநிலையில் நாங்கள் இல்லை.

இந்த வெளி ஏன் வெறும் புல்லாகக் கிடக்கிறது என்பதற்குச் சிவலிங்கம் காரணம் வைத்திருந்தார். அனுமார் வாலில் தீயோடு வந்தபோது இங்கேதான் அதை முதலில் இழுத்துவிட்டாராம். பக்கத்துச் சிகரத்தில் ராவணன் விமானம் இறக்கியிருக்கிறான். உறைபனி, பழங்காலக் காட்டுத்தீ, மேய்ச்சல் என்று விஞ்ஞானிகள் வேறு காரணங்கள் சொல்கிறார்கள். துறை முறைப்படி பார்த்தால் காட்டை எரித்ததற்கு அனுமார் முதல் எதிர்மனுதாரர், வாலில் தீ வைத்தவர்கள் இரண்டாம் எதிர்மனுதாரர்கள். விளக்கம் கேட்டு நோட்டீஸ் போயிருக்கும். யுகம் மாறியிருக்கும். பதில் வந்திருக்காது.

பூங்காவின் உண்மையான சரித்திரம் இதைவிட விசித்திரமானது. சிங்களத்தில் இதற்கு மகா எலிய என்று பெயர் இருந்தது. வெள்ளைக்காரர்கள் தங்கள் கவர்னர் பெயரை வைத்தார்கள். இங்கிருந்த யானைகளைச் சுட்டுத் தீர்த்தார்கள். மிளாவைப் பார்த்து அவர்கள் ஊரிலுள்ள வேறொரு மானின் பெயரால் கூப்பிட்டு, அதையும் நாய் விட்டு விரட்டினார்கள். பொழுது போகவில்லை என்று ஓடைகளில் தூண்டில் போட டிரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். வேலிக்கு மஞ்சள் பூ முட்செடி ஒன்றையும் கொண்டுவந்தார்கள். நம் ஊரில் சீமைக்கருவேலம் செய்வதை அது இங்கே செய்துகொண்டிருக்கிறது. அவர்கள் போனபின் சொந்த அரசாங்கம் வந்து, இவ்வளவு நல்ல நிலம் சும்மா கிடக்கிறதே என்று உருளைக்கிழங்கு போட்டது. கிழங்கு விளைந்ததைவிட அனுபவம் அதிகம் விளைந்திருக்கும். எல்லாம் செய்து பார்த்துவிட்டு, கடைசியில்தான் தேசியப் பூங்கா என்று பலகை மாட்டினார்கள். எந்த ஊரிலும் இயற்கைக்கு முறை வருவது கடைசியில்தான்.

இங்கே ஒரு தேவாங்கு உண்டு. பல பத்தாண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை என்பதால் அழிந்துபோனதாகவே எழுதிவிட்டார்கள். பிறகு ஒருநாள் அது மரத்தில் உட்கார்ந்து கேமராவைப் பார்த்தது. எங்கள் துறையில் இதற்கு நேர்மாறு. செத்தவர்கள் பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

ரிஸ்மினா ஒவ்வொரு திருப்பத்திலும் எங்கள் பனியனை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தார். தையல் விட்டிருக்கிறதா, கழுத்து தொய்கிறதா என்று. ஈஸ்வரமூர்த்தி வானத்தைப் பார்த்துக்கொண்டே வந்தான். கல் தடுக்கி இரண்டு முறை விழப்போனான்.

உலக முடிவு என்பது ஒரு செங்குத்துப் பாறை விளிம்பு. காலடியில் பூமி சட்டென்று முடிந்து, வெகு கீழே தேயிலைத் தோட்டமும் ஏதோ ஒரு நீர்த்தேக்கமும் பொம்மை போலத் தெரியும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நாங்கள் போய் நிற்கவும் கீழேயிருந்து மூடுபனி ஏறி வரவும் சரியாக இருந்தது. ஒரு நிமிடம் தெரிந்தது, அப்புறம் வெள்ளைச் சுவர். அந்த ஒரு நிமிடத்தில் போட்டோ எடுத்துவிட்டார்கள். மெரூன் வரிசை, பின்னால் மேகம். படம் நன்றாகத்தான் வந்தது. ஈஸ்வரமூர்த்தி மூச்சு விட்டான்.

"சிவலிங்கம், மழை வருமா?" என்று கேட்டேன்.

"இங்க மழ கேட்டுக்கிட்டு வராதுங்கய்யா. நாம அதுக்குள்ளதான் நடந்துக்கிட்டு இருக்கோம்."

அருவிக்கு இறங்கும் பாதையில் பிடித்தது. நம் ஊர் மழை மாதிரி இடித்து, மின்னி, முன்னறிவிப்புக் கொடுத்து வருகிற மழை கிடையாது. மூடுபனியே கனத்துத் தண்ணீராகிவிட்டது. ஒதுங்க இடமில்லை. எல்லோரும் முதலில் கையை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டார்கள், சாயத்தைப் பிடித்து வைப்பதுபோல. பிறகு என் முழங்கையிலிருந்து முதல் சொட்டு விழுந்தது. திராட்சை ரச நிறம்.

ஐந்து நிமிடத்தில் எங்கள் கூட்டம் பார்க்கத் தகுந்ததாக இல்லை. கழுத்திலிருந்து சிவப்புக் கோடுகள் இறங்கின. வெளிர் நிற பேன்ட் போட்டவர்கள் பாடு பரிதாபம். அந்தோணி ஒரு பாறையில் உட்கார்ந்து எழுந்தான். பாறையில் அவன் அச்சு அப்படியே பதிந்திருந்தது.

"என்னத்தச் சொல்ல சார்" என்றான். "ஞாயித்துக்கெழம கறிக்கடையில நிக்க மாதிரி இருக்கு."

எதிரே மலையேறி வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி எங்களைப் பார்த்ததும் அலறி, முதுகுப்பையைக் கீழே போட்டுப் பஞ்சும் கட்டுத்துணியும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். எத்தனை பேர், சிறுத்தை எந்தப் பக்கம் போனது என்று கேட்டார். இங்கிலீஷ் என் பொறுப்பு. "அம்மா, இது காயம் இல்லை, பருத்தி" என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. அந்தோணியின் கையைத் துடைத்துக் காயம் தேடிப் பார்த்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்தார். அடிபட்டிருந்தால்கூட இவ்வளவு அவமானமாக இருந்திருக்காது.

அதற்குள் அருவிப் பக்கமிருந்து பூங்காக் காவலர் ஒருவர் வந்தார். எங்களைப் பார்க்கவில்லை. எங்கள் காலடியிலிருந்து ஓடைக்குச் சரிந்த சிவப்பு வாய்க்காலைப் பார்த்தார். சிங்களத்தில் மெதுவாகத்தான் பேசினார். சிவலிங்கம் எங்களுக்குச் சொன்னார்.

"இந்த மலையில இருந்து மூணு ஆறு எறங்குதாம். மகாவலி, களனி, வளவை. பாதி நாடு இத நம்பித்தான் குடிக்குதாம். கழுவுறதுக்கு வேற எடம் கெடைக்கலையான்னு கேக்குறாரு."

பணிக்காலம் முழுக்க நான் சாயப்பட்டறை வாசல்களில் நின்று கேட்ட கேள்வி. பட்டறைக்காரர்கள் அப்போது என்ன பதில் சொல்வார்கள் என்பது எனக்கு அத்துப்படி. நாங்கள் இல்லை, மேல் பட்டறைக்காரன். மோட்டார் ரிப்பேர். இன்றைக்கு மட்டும்தான். எல்லாப் பதில்களும் வரிசையாக நாக்கு நுனிக்கு வந்தன. எங்களுக்கு மேலே மேகம் மட்டும்தான் இருந்ததால், முதல் பதில் செல்லாது.

"எல்லாரும் பனியனைக் கழட்டுங்க" என்றேன். "சுருட்டிப் பைக்குள்ள வைங்க. ஓடைப் பக்கம் யாரும் போகக்கூடாது. புல்லு மேல நின்னு துடைச்சுக்கோங்க, மண்ணு உறிஞ்சிக்கட்டும்."

நானும் கழற்றினேன். அந்த உயரத்தில், அந்த மழையில், தொப்பை தெரிய, பூணூல் போட்டதுபோல் நெஞ்சில் சிவப்புக் கோட்டோடு ஒரு முன்னாள் அதிகாரி. காவலர் தலையை ஆட்டிவிட்டுப் பின்னால் நகர்ந்தார்.

ரிஸ்மினா குடையோடு நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது நேராக என்னிடம் வந்தார். ஈஸ்வரமூர்த்தியிடம் போகவில்லை.

"சேர், நீங்க தண்ணி சோதிச்ச ஆள் எண்டு நேத்து சென்னீங்க. எனக்கு ஒண்டு செல்லுங்க. இதா என்ட கடைக்கு வரப்போற சாமான்?"

ஈஸ்வரமூர்த்தி அவர் முதுகுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தான். அவன் அக்காவோடு நான் இன்னும் ஒரே வீட்டில் வாழ வேண்டும் என்பதையும் அந்தப் பார்வை நினைவூட்டியது. முதல் மழையில் எந்தப் புதுத் துணியும் கொஞ்சம் விடும் என்று சொல்லியிருக்கலாம். படித்தவன் சொன்னால் நம்புவார்கள்.

"இது சோதனையில் தேறாத துணிங்க" என்றேன். "தேறலைன்னு தெரிஞ்சேதான் தைச்சிருக்கு."

ஈஸ்வரமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டான். பிறகு அவனே முன்னால் வந்தான்.

"அக்கா, உங்களுக்குப் பெட்டியில வெச்சிருக்கறது வேற லாட்டுங்க. அது சுத்தமான சரக்கு. இது ரிஜெக்ட். எங்களுக்குன்னு தைச்சதுங்க."

"உங்களுக்கு எண்டு ஏன் ரிஜெக்ட்?"

அவனுக்குக் கேள்வியே புரியவில்லை. எனக்கும் ஒரு கணம் புரியவில்லை. திருப்பூரில் நல்ல சரக்கை யாரும் போட்டுக்கொள்வதில்லை. அது பெட்டியில் ஏறிப் போவதற்கு. ஊசி ஓட்டை விழுந்தது, நிறம் பிசகியது, கை ஒன்று நீளமானது எல்லாம் நமக்கு. உலகத்துக்கே உடுப்புத் தைக்கும் ஊரில், என் அலமாரியைத் திறந்தால் ஒரு சட்டையிலாவது பொத்தானும் காஜாவும் நேருக்கு நேர் சந்திக்காது.

"எல்லாரும் அப்பிடித்தானுங்க பண்றது" என்றான் கடைசியாக.

அந்தோணி பல் கிட்ட, "உள்ளதுதான் அம்மா. எம் மவன் காலேஜுக்குப் போட்டுட்டுப் போறதும் இதே லாட்டுதான். ஊர்ல மழை இல்லாததால தப்பிச்சான்" என்றான்.

யாரோ சிரித்தார்கள். ரிஸ்மினா சிரிக்கவில்லை. வெற்றுடம்போடு நடுங்கிக்கொண்டிருந்த கூட்டத்தை ஒருமுறை முழுதாகப் பார்த்தார். "நடங்க, காய்ச்சல் வந்துரும்" என்று மட்டும் சொன்னார். வாசலருகே ஒரு கடாமிளா சாவகாசமாக மேய்ந்துகொண்டிருந்தது. பிரம்மாண்டமான கொம்பு. திமில் இல்லை. படம் எடுக்கக்கூட யாருக்கும் மனம் வரவில்லை. அந்தோணியின் பையிலிருந்து வழிநெடுகச் சொட்டிக்கொண்டே வந்தது. மழைக்கோட்டு மூட்டையைத் திருப்பித் தந்த அலுவலர், எங்களைப் பார்த்ததும் அதைப் பறிக்காமலே இருந்திருக்கலாமோ என்பதுபோல் கையிலேயே சற்று வைத்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை ஹோட்டலில் ரிஸ்மினா ஒரு வாளியும் வெந்நீரும் வெள்ளைத் துண்டும் கேட்டார். பெட்டியிலிருந்த சாம்பிள்களை ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் கொடுத்தார்.

"சேர், நீங்க செய்ங்க. நான் பாக்குறேன்."

குளியலறையில் நானும் அவரும் வாளியின் இரு பக்கமும் முக்காலியில் உட்கார்ந்தோம். வாசலில் கம்பெனியே நின்றது. சோப்பு போட்டு ஊறவைத்தேன், கசக்கினேன், துண்டில் வைத்துச் சுருட்டி அதன்மேல் ஏறி நின்றேன். ஈஸ்வரமூர்த்தி பிரசவ வார்டு வாசலில் நிற்பதுபோல் நின்றான். துண்டைப் பிரித்தேன். வெள்ளையாக இருந்தது. சிறுத்தை, மான், காலர், கை, எது பட்ட இடத்திலும் துண்டு வெள்ளைதான்.

"பாத்தீங்களாக்கா" என்று அவன் ஆரம்பிக்க, ரிஸ்மினா கையை உயர்த்தினார்.

"சாம்பிள எல்லாரும் நல்லாத்தான் செய்வாங்க. கேளுங்க தம்பி. ஓடர் தாறேன். ஆனா என்ட சாமானுக்கு விரிக்கிற ரோல்லயே உங்கட ஆளுங்களுக்கும் வெட்டணும். அவங்க அத போட்டுட்டு நனையணும். வீடியோல எனக்குக் காட்டணும். பொறகுதான் பெட்டி கட்டணும். ஒவ்வொரு தடவையும்."

ஈஸ்வரமூர்த்தி மனதுக்குள் துணி விலையைக் கூட்டிப் பார்ப்பது நெற்றியில் தெரிந்தது. கூட்டி முடித்து, "ஆகட்டுங்க அக்கா" என்றான். இந்த முறை தாமதிக்கவில்லை.

ஊர் திரும்பியபின், முதல் சரக்கு தயாரான நாளில் என்னையும் கம்பெனிக்கு வரச் சொன்னான். திருப்பூர் வானத்தில் மேகத்துக்கு அடையாளமே இல்லை. காம்பவுண்டுக்குள் அந்தோணி புது டீ-சர்ட்டும் வெள்ளை வேட்டியுமாக நின்றான். ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் பையன் போனைத் தூக்கிப் பிடித்தான். உள்ளே ரிஸ்மினாவின் கண்ணாடி தெரிந்தது. செடிக்குத் தண்ணீர் விடும் குழாயைப் பிடிக்கும் பொறுப்பு எனக்கு. என் படிப்புக்கும் அனுபவத்துக்கும் கிடைத்த மறுநியமனம்.

"தலையில ஊத்துங்க சேர்" என்றது போன். "இன்னும். மாஸ்டர், திரும்புங்க. முதுகு காட்டுங்க."

அந்தோணி சுற்றிச் சுற்றி நின்றான். மார்பில் இருந்த சிறுத்தையும் அவனோடு நனைந்தது. வேட்டி நுனியிலிருந்து தண்ணீர் சிமெண்டுத் தரையில் வழிந்து சாக்கடை வரை போனது. குனிந்து பார்த்தேன். தெளிவாக இருந்தது.

"சார், தலைய மட்டும் விட்டுருங்க" என்றான் அந்தோணி. "தலைச்சாயம் இவங்க சோதனையில தேறாது."

எல்லோரும் கைதட்டினார்கள். ஷெட்டுக்குள் மெஷின்களின் போர்வையை எடுத்துவிட்டிருந்தார்கள், சத்தம் வெளியே வந்தது. ஈஸ்வரமூர்த்தி கண்ணைத் துடைத்துக்கொண்டான். குழாய்த் தண்ணீர் பட்டுவிட்டதாகச் சொன்னான். நான் குழாயைச் சுருட்டும்போது சும்மா ஒரு வார்த்தை கேட்டேன்.

"அந்த மெரூன் லாட்டுல மிச்சத்துணி நிறைய இருந்துச்சே, என்ன பண்ணினே மாப்ளே?"

"அது அப்பவே தைச்சுக் காதர்பேட்டை மார்க்கெட்டுக்குப் போயிருச்சுங்க மாமா. வடநாட்டு யாவாரி ஒருத்தர் எடைக்குப் போட்டு மொத்தமா அள்ளீட்டுப் போயிட்டாரு."

"எந்த ஊருக்கு?"

"கேக்கலீங்க."

அன்றிலிருந்து டிவியில் வடக்கே எங்கோ கனமழை என்று செய்தி வந்தால், நான் சத்தத்தைக் குறைத்துவிட்டுத் தண்ணீரின் நிறத்தைப் பார்க்கிறேன்.